கதவுப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

நியூ ஜெர்சியில் சத்தம் போடுகிறவனும் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுகிறான். இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டு கிரெக் ஒரு டிஜே. பகலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை உலுக்கிக்கொண்டே இருப்பார். முதல் தடவை பார்த்தபோது வலிப்பு என்று நினைத்து, அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டேன். அவர் அதைப் பரிசு என்று நினைத்துக் கும்பிட்டார். சாவியைத் திரும்ப வாங்க என் மகன் செந்தில் போக வேண்டியிருந்தது.

இங்கிலாந்துப் பையன்கள் ஆரம்பகாலத்தில் வாசித்த ஹெவி மெட்டல் என்கிற இடிமுழக்கப் பாட்டு என்றால் கிரெக்குக்கு உயிர். எல்லாரும் சி.டி.க்கு மாறிய பிறகும் அந்தப் பழைய இசைத்தட்டுகளை விடமாட்டார். இந்த ஊர் ரேடியோ அவற்றைச் சீந்தாது. ஞாயிறு சாயங்காலம் ஒரு கிளப்பில் அவர்தான் அவற்றைப் போடுவார். நான் வத்தலக்குண்டில் மைக் செட் வைத்திருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து எங்களையும் கூப்பிடுவார். மிளகாய் மெஷினுக்குள் தலையை விட்டமாதிரி இருக்கும். ஆனால் டிரம் அடி சுத்தம்.

ஒரு ஞாயிறு உள்ளே நாலே பேர். “நோ பீப்பிள், அங்கிள். லாஸ்ட் சண்டே” என்றார் கிரெக். அன்றைக்கும் கூட்டம் சேராவிட்டால் கிளப் முதலாளியம்மா அந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். பாவம், முகம் செத்துப்போயிருந்தது.

“ஸ்பீக்கர வெளிய திருப்புய்யா” என்று கையைக் காட்டினேன். பாட்டைப் புகழ்கிறேன் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“அப்பா, சும்மா உக்காருங்க. இது உங்க மைக் செட் இல்ல” என்றான் செந்தில்.

எனக்கா சும்மா இருக்கத் தெரியும்? வத்தலக்குண்டில் ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் நடந்தபோது, குழாய் ஸ்பீக்கரை பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கட்டியவன் நான். அடுத்த கல்யாணத்துக்கு வந்தவர்களும் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் பந்தியில் பாயசம்வரை முடித்துவிட்டார்கள். சாப்பாடு பத்தாமல் பெண்வீட்டார் என்னை அடிக்க வந்தது வேறு விஷயம். உள்ளே இருப்பவனுக்கு எதற்கு ஸ்பீக்கர்? அவன்தான் வந்துவிட்டானே!

செந்தில் பாத்ரூம் போனான். பின்கதவைத் திறந்து, சக்கரம் வைத்த ஸ்பீக்கரை பார்க்கிங் லாட்டைப் பார்த்துத் திருப்பினேன்.

வந்தார்கள். பக்கத்து லாண்டரியிலிருந்து ஈரத்துண்டோடு ஒரு அம்மாள், பீட்ஸாக் கடைக்காரர், பின்னால் இன்னும் ஒரு கும்பல். எல்லாரும் சண்டைக்கு. உள்ளே வந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? கழுத்து நரம்பு புடைக்க, தலையை ஆட்டி ஆட்டித் திட்டினார்கள். எட்டிப்பார்த்த முதலாளியம்மா கண்ணுக்கு ஹால் நிறைய ரசிகர்கள். ஆளுக்கொரு பீர் நீட்டினார். திட்டி முடித்தவர்களில் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க!” என்று ஓடிவந்தான் செந்தில்.

“கூட்டம் கேட்டாரு. குடுத்தேன்.”

விஷயம் தெரிந்த பிறகும் முதலாளியம்மா கிரெக்குக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார். ஒரே கண்டிஷன்: “தட் அங்கிள், அவுட்சைட்.”

இப்போது எனக்கு வெளியே சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி. கதவைச் சாத்தியாயிற்று. எதிரே கார்கள் ஓசையில்லாமல் நிற்கின்றன. காதில் ஒன்றும் விழாது. முதுகைச் சுவரில் சாய்த்தால், உள்ளே விழும் ஒவ்வொரு அடியும் என் எலும்பில் வந்து விழுகிறது.