நாலாவது கண்ணாடித் துண்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். புகுந்த வீட்டில் மட்டும் மூன்று வருஷம் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

எண்பதுகளின் கடைசி. கணவருக்கு ஜவ்வாது மலையில், சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலை. எனக்குச் சென்னையில் உலோக ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை ஒடுகத்தூரில் பஸ் மாறி மலையேறுவேன். வளைவுக்கு வளைவு மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும், கண் சொக்கும். அந்த அரைத்தூக்கத்தில் எனக்கு அணுக்கள்தான் தெரியும், வேறென்ன! வெள்ளை வெள்ளையாக உருண்டைகள், சத்தமே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

என் நாத்தனார் கூடையில் சீத்தாப்பழம் அடுக்குவதைப் பார்த்தால் உலோகத்தில் அணுக்கள் அடுக்கும் விதம் புரியும். முதல் வரிசை, அதன் குழிகளில் இரண்டாம் வரிசை. மூன்றாவதை முதல் வரிசைக்கு நேர்மேலே வைக்கலாம். கொஞ்சம் தள்ளி வேறு குழியிலும் வைக்கலாம். டைட்டானியத்துக்கு முதல் வழிதான் பிறவிக்குணம். அலுமினியத்துக்கு இரண்டாவது. நான் இரண்டையும் கண்ணாடித் துண்டின்மேல் மாற்றி மாற்றி மெல்லிசாகப் படியவைத்தேன். டைட்டானியம் சில வரிசைகள்தான் என்றால், இரண்டு பக்கமும் நெருக்கும் அலுமினியத்தின் வழியிலேயே அடுக்கிக்கொண்டு அப்படியே நிலைத்துவிட்டது! எக்ஸ்ரே படத்தில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியர் நம்பவில்லை. "அதெல்லாம் அழுக்கும்மா. டைட்டானியம் கண்ட வாயுவையும் உறிஞ்சும். ஒரு வாரத்துல நிரூபி, இல்லேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு," என்றார். அதை எடுத்தால் என் ஆய்வேட்டில் மிச்சம் அட்டைதான்.

ஆய்வகத்தில் யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, துண்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு மலைக்கே கொண்டுவந்துவிட்டேன். மொத்தம் நாலு, ஒரே நாளில் செய்தவை. மூன்று மெல்லிசு. நாலாவதில் கை தவறி டைட்டானியம் தடிப்பாகப் படிந்துவிட்டது. வேண்டாததென்று அதைப் படம்கூட எடுக்கவில்லை.

காலையில் குளித்துவிட்டு வருகிறேன், நாத்தனார் கிணற்றடியில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் வைத்து என் துண்டுகளைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். புளி விளைகிற வீடு. மங்கின உலோகத்தைக் கண்டால் அங்கே யாருக்கும் கை சும்மா இருக்காது. மூன்று துண்டும் வெறும் கண்ணாடியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"மங்கிக் கெடந்துச்சு அண்ணி. இன்னா, நல்லாக்கீதா?"

அவள் கையிலிருந்த, இன்னும் புளி படாத நாலாவதைப் பிடுங்கினேன். "அறிவு கீதாடி உனக்கு? காட்டுக்காரின்னு சும்மாவா சொல்றாங்க!"

அதுவரை அவளை வாங்க போங்க என்றே பேசிவந்த என் வாய் அது. அவள் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அழுது ஓய்ந்து கண் செருகியது. பனிக்குள் அந்த உருண்டைகள் மறுபடி வந்தன, இந்தத் தடவை வரிசை வரிசையாக, நிறைய. நாலு பேர் இருந்தால் அக்கம்பக்கத்துக்குப் பயப்படுவார்கள், ஊரே திரண்டால் பயப்படுவார்களா? தடிப்பானால் டைட்டானியம் தன் குணத்துக்குத் திரும்பவேண்டும். அழுக்குதான் காரணம் என்றால், அதே நாளில் செய்த தடிப்புத் துண்டிலும் அடுக்கு மாறித்தானே இருக்கும்! ஐயோ, இதை ஏன் முன்னமே யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

போனதும் நாலாவதைப் படம் எடுத்தேன். டைட்டானியம் தன் பிறவி அடுக்குக்கே திரும்பியிருந்தது. அந்தப் படத்தையும் பழைய மூன்று படங்களையும் மேஜையில் பரப்பினேன். பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுதும்மா," என்றார்.

அடுத்த மாதம் மலையேறியதும் நேராக நாத்தனாரிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன்னாலதான்டி பொழச்சேன். நீ மத்ததத் தேய்க்காம இருந்தா அந்த ஒண்ண நான் பாத்திருக்கவே மாட்டேன். அன்னிக்குப் பேசுனத மறந்துடும்மா."

அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க படிப்பு தப்பிச்சுதே, சந்தோசம் அண்ணி. பேசுனது பேசுனதுதானே," என்றாள். "கை கழுவிக்கினு வாங்க, சோறு போட்டுட்டேன்."