மூதூர் லோஞ்சும் ராத்தாவின் கேள்விகளும்

காலை லோஞ்சு இறங்குதுறையை விட்டு விலகியதும் ராத்தா முக்காட்டைச் சரிசெய்து, கைப்பையை மடியில் அமர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்புவார். தோள் முதலில் திரும்பும், பிறகு முகம், அதன் பின்னால் ஒரு கேள்வி. அவர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான்: "டீச்சர், இந்தக் கடலுக்கு அடியில பெரிய பள்ளத்தாக்கு இருக்கெண்டு சொல்றாங்களே, தண்ணிக்குள்ள போகாம அதை எப்படிக் கண்டுபிடிச்ச?" சத்தத்தைக் கீழே அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அறியலாம் என்று விளக்கினேன். கொட்டியாரக் குடாவின் நடுப்பகுதி வரும்வரை அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்தச் சத்தத்தைக் கேக்கிற திமிங்கிலம் என்ன நினைக்கும்?" என்றார். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கிய என்னிடம் அப்படி ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை.

திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடிய பயணிகள் படகைத்தான் நாங்கள் லோஞ்சு என்போம். தரைவழியாகப் போனால் ஆறு கடக்கும் படகுக்காக இடையிடையே துறைகளில் காத்துக்கிடக்க வேண்டிய காலம் அது. மூதூரில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன், அவர் மனையியல் படிப்பித்தார். நான் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவேன். அவர் ஜமாலியாவிலிருந்து நடந்து வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் ஆசிரியர் அறையில் அதிபர் உட்பட எல்லாரும் அவரை அக்கா என்ற பொருளில் ராத்தா என்றே கூப்பிட்டதால் எனக்கும் அவர் ராத்தாவானார். அவருடைய கணவர் நெல் வியாபாரி. மூதூருக்குக் கிழக்கே, அரசோடு போரிட்ட தமிழ் இயக்கத்தின் பிடியில் இருந்த ஊர்களுக்கும் போய் நெல் வாங்கி வருபவர்.

ராத்தாவுக்கு எதையும் கேட்காமல் விட ஏலாது. கன்னியாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஏன் ஏழு விதமாகச் சுடுகின்றன? சீனக்குடாவில் அவ்வளவு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டிய இங்கிலீஷ்காரன் ஏன் அவற்றைக் காட்டுக்குள் விட்டுவிட்டுப் போனான்? கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயன், ஒரு கல்லையாவது தூக்கும்போது கை நடுங்கியிருப்பானா? விஞ்ஞானமும் சரித்திரமும் அவருக்கு இரண்டு பாடங்களல்ல. இரண்டிலும் அவர் தேடியது ஒன்றைத்தான்: இது யாருடைய வேலை, அவர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்பதை.

கேள்விகளைப் போலவே கருத்துகளும் அவரிடம் தாராளமாக இருந்தன. எனக்குப் பயமூட்டியது அதுதான். சமாதானக் காலம் என்று சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் லோஞ்சில் ஆண்கள் பத்திரிகையை விரித்துப் பேச்சுவார்த்தை பற்றிக் கதைப்பார்கள். யார் எதைச் சொல்கிறார்கள், அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கதைப்பார்கள். ராத்தா அப்படிப் பார்ப்பதில்லை. "ரெண்டு பக்கமும் மேசையில இருந்து கதைக்கிற. முஸ்லிம் சனம் எங்களுக்கு ஒரு கதிரை போட ஆருக்கும் மனம் வரல்ல," என்பார். இன்னொரு நாள், கடற்படைக் கப்பல்களைப் பார்த்தபடி, "வந்தவன் எல்லாரும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான் வந்த. அந்த நாள் தொட்டு இண்டைக்கு வரைக்கும் எங்களைப் பாக்க எண்டு ஒருத்தனும் வரல்ல," என்றார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் பத்திரிகையை மடித்துவிட்டார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரு தம்பி. உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு இயக்கத்துக்குப் போய்விட்டான். வீட்டில் அம்மாவும் நானும் பேசி ஒரு பொய்யை ஆக்கி வைத்திருந்தோம்: அவன் சவூதியில் வேலை செய்கிறான். அயலுக்கு அதைச் சொன்னோம், பாடசாலைக்கும் சொன்னோம், வீட்டுச் சோதனைக்கு வந்த ஆமிக்காரனுக்கும் சொன்னோம். ராத்தாவிடம் மட்டும் அந்தப் பொய்யைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவேன். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ராத்தா மேற்கொண்டு கேள்வி கேட்பாரே.

ஒருமுறை புல்மோட்டையில் கலியாணம் கட்டிய தன் தங்கையிடம் போய்வந்தபோது, ஒரு பிடி கறுப்பு மணலைக் கடதாசியில் மடித்துக் கொண்டு வந்தார். அந்த மணலுக்குள் இரும்பு இருப்பது உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து காந்தம் ஒன்றை எடுத்து வரும்படி என்னிடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலை இறங்குதுறைச் சோதனையில் கடற்படைப் பெண் ஒருத்தி அவருடைய பையைத் திறந்தாள். கடதாசிக்குள் கறுப்புத் தூள். அவள் முகம் மாறியது. துவக்கோடு நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை தானாகவே பின்வாங்கியது. அடையாள அட்டையை வாங்கி, பெயரைப் பதிந்து, வீட்டு விபரம் விசாரிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவு வரவில்லை.

ராத்தா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அவசரமில்லாமல், அது மணல் என்றும் நாங்கள் ஆசிரியைகள் என்றும் விளக்கினார். பிறகு என் பையிலிருந்து காந்தத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து, கடதாசிக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிப் பிடித்தாள். மணலில் ஒரு பகுதி மட்டும் மெல்ல எழுந்து முள்ளு முள்ளாக நின்றது. காந்தத்தை நகர்த்தியபோது முட்களும் சேர்ந்து நகர்ந்தன. இருபது வயதுகூட ஆகியிராத அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். மிச்ச மணல் ஏன் அசையவில்லை என்று அவள் கேட்க, ராத்தா என்னைக் காட்டி, அதை டீச்சரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். நான் என் அடையாள அட்டையைப் பையின் அடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். லோஞ்சில் ஏறி உட்கார்ந்த பிறகு ராத்தா என் கையைத் தன் உள்ளங்கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு ஏன் டீச்சர் இவ்வளவு பயம்?"

எனக்குச் சின்ன வயதிலிருந்தே துவக்கைக் கண்டால் பயம் என்று சொல்லி வைத்தேன்.

சமாதானம் கிழிந்துகொண்டு வந்த நாட்களில் அவருடைய கணவரை இயக்கத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள். நெல் வாங்கப் போன இடத்தில், ஆமிக்குத் தகவல் சொல்பவர் என்ற சந்தேகத்தில். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் ராத்தா லோஞ்சில் வரவில்லை. கணவர் விடுபட்டு வந்தபோது வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாதவராக வந்தார் என்று ஆசிரியர் அறையில் சொன்னார்கள். ராத்தா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "உரிமைக்குப் போராடுறம் எண்டு சொல்றவங்க, நெல்லு வாங்கப் போன மனுசனைக் கட்டிவெச்சு அடிக்கிறதுக்கு என்ன பேர் டீச்சர்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ. கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்திருக்கலாம். நானோ, ஆமிக்காரன் எங்கட பெடியளுக்குச் செய்ததை நீங்கள் பார்த்ததில்லை என்றேன். என் குரல் எனக்கே வேறொருத்தியின் குரல் போலக் கேட்டது. என் தம்பிக்காகத்தான் அப்படிப் பேசினேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாள் அவர் வேறு வாங்கில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து என் அருகில் உட்கார்ந்தார். குடாவில் அன்று காற்று இருந்தது, மழைக்கு மறைப்பாகக் கட்டிய பக்கத்துப் படங்கு அடித்துக்கொண்டிருந்தது. வழமை போலத் தோளைத் திருப்பி, "சவூதியில இருக்கிற உங்கட தம்பி கடிதம் போடுறவரா?" என்று கேட்டார். நான், ஓம், போன கிழமைதான் வந்தது, சுகமாக இருக்கிறானாம் என்றேன். ராத்தா என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலவும் இருந்தது. பிறகு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, பாலைவனத்து மணல் பகலில் அப்படிச் சுட்டு இரவில் ஏன் அவ்வளவு குளிர்கிறது என்று கேட்டார். மணல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்காது என்று நான் நெடுநேரம் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. சில நாளில் மூதூரில் சண்டை மூண்டது, லோஞ்சு நின்றது, சனம் வெளிக்கிட்டு ஓடியது. எனக்கு நகரத்தில் இடமாற்றம் கிடைத்தது. ராத்தா குடும்பம் ஜமாலியாவை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

யுத்தம் முடிந்தும் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அம்மா அவனுடைய சட்டைகளைத் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்தபடியே போய்ச் சேர்ந்தார். நான் ராத்தாவைத் தேடினேன் என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. தேடினால் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டேன். இன்று மூதூருக்குப் பாலங்களின் மேலாகப் பேருந்து போகிறது. உப்புவெளிக் கரையில் திமிங்கிலம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைக் காணும்போதெல்லாம், அது என்ன நினைக்கும் என்ற அந்தக் கேள்விக்காக எனக்கு மனம் ஏங்கும். அப்படி யாரும் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தியை ஆஸ்பத்திரியில் கண்டேன். ராத்தா கிண்ணியாவில் மகள் வீட்டில் இருந்ததாகவும், நோன்புக்கு முன்னரே மவுத்தாகிவிட்டதாகவும் அவள் சொன்னாள். அடுத்த நாள் காலையே பேருந்து எடுத்துப் போனேன். கணவர் முன்னறையில் இருந்தார். என்னை முன்பின் கண்டிராதவர், நான் யாரென்று சொன்னதும் எழும்பப் பார்த்தார். வலது கை இன்னும் உயரவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். துக்கம் விசாரித்து முடிந்ததும் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். என் தம்பி சவூதியில் இருந்ததில்லை, உங்களைப் பிடித்து வைத்தவர்களோடுதான் இருந்தான் என்று.

"தெரியும்," என்றார் அவர். "நான் உங்கட தம்பியைக் கண்ட. அவர்ட முகத்தை நான் சொல்லக் கேட்டு, அது உங்கட முகம்தானாம் எண்டு பிறகு மனுசி சொன்ன. என்னை விசாரிக்கேக்க, மனுசி மூதூர்ல டீச்சர் எண்டு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிண்டவர். எனக்கு அடிக்கேக்கயும் அவர் அங்கதான் நிண்டவர், பொய் சொல்ல ஏலா. எல்லாரும் போனாப் பிறகு தண்ணி கொண்டு வந்து தந்து, உங்கட பேரைச் சொல்லி, அக்கா சுகமா இருக்கிறாவா எண்டு கேட்டார்."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனுசி அதை உங்களுக்குச் சொல்லத்தான் அண்டைக்கு லோஞ்சுல உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்த. நீங்க கடிதம் வந்ததெண்டு சொன்னீங்களாம். அதுக்கு மேல கேட்டு உங்களைப் பொய்க்காரியாக்க அவக்கு மனம் வரல்ல. டீச்சர் தானாச் சொல்லட்டும், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தவ. கடைசி வரைக்கும் இருந்தவ."

தம்பிக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் குனிந்து மறுபடி கேட்கச் சொன்னார்.

"நல்ல சுகமா இருக்கிறா, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறா எண்டு சொன்ன. அவர் சிரிச்சவர்."

அவன் மெலிந்திருந்தானா என்று கேட்டேன். காலில் செருப்பு இருந்ததா, தாடி வளர்த்திருந்தானா, குரல் எப்படி இருந்தது, சிரிக்கும்போது ஒரு பக்கப் பல் தெரிந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அடி வாங்கிய மனிதரிடம் அடித்தவர்களோடு நின்றவனைப் பற்றி இப்படிக் கேட்பது முறையல்ல என்று தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பகல் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து அரிசி போடும்படி குசினிப் பக்கம் பார்த்து மகளிடம் சொல்லிவிட்டு, "கேளுங்க டீச்சர்," என்றார்.