அளவுக்காரியின் செடி

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவுக்காரி என்றால்தான் தெரியும். கணவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டாள். காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு. நிரப்பி அவர் கட்டிலருகே வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

கொடுமையைக் கேளுங்கள். அவளுக்கு வேலை குடிதண்ணீர் பாட்டில் தொழிற்சாலையில். வெள்ளை விளக்கின் முன்னால் உட்கார்ந்து, நகர்ந்து வரும் பாட்டில்களில் தூசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் கண்முன்னே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வீட்டில் அவர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்.

செடி வந்தது ஒரு மழைக்காலத் தொடக்கத்தில். டயாலிசிஸ் வார்டு நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஜன்னலில் இருந்த தொட்டியை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். குட்டைத் தண்டு, தடித்த இலைகள், கிள்ளினால் நீர் கசியும்.

"இதுவும் சார் மாதிரிதான். தண்ணி அதிகமானா போயிடும். மண்ணு நல்லா காஞ்ச பிறகு ஒரு டம்ளர் போதும். மழை மாசத்துல அதுவும் வேண்டாம்."

அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டதாகச் சொன்னார்.

ஒரு காலத்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டிய மனிதர். இப்போது கட்டிலும் அதை ஒட்டிய ஜன்னலும்தான் அவர் உலகம். சமையலறை நாலு படி கீழே. அந்தக் கால்கள் படி இறங்காது. அதனால் செடியை அவர் பொறுப்பிலேயே விட்டாள். அவரும் வாரத்துக்கு ஒரு தரம், வெளிச்சம் எல்லாப் பக்கமும் படும்படி தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைப்பார். வளைவில் வண்டி திருப்புகிற நிதானம் அதில் இருக்கும். மழை ஓய்ந்து பனி வந்தபோது இரண்டு புதுத் தளிர் விட்டிருந்தது. வேலை முடிந்து வந்தவளிடம், செருப்பைக் கழற்றுமுன் அதைக் காட்டினார்.

பிறகு கோடை வந்தது.

மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் என்று ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவாள், வெயில் தாழ்ந்ததும் அவர் ஊற்றுவதற்கு. சாயங்காலம் டம்ளர் காலியாக இருக்கும். ஆனாலும் இலைகள் சுருங்கின, வெகுநேரம் துணி துவைத்த விரல்கள் போல. தண்ணீர் கூடிப்போயிற்றோ என்று பயந்து அரை டம்ளராகக் குறைத்தாள். இன்னும் சுருங்கியது. தொழிற்சாலை வாசலில் செடி விற்பவரிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் வெறும் புழுதி.

"இது தண்ணியப் பாத்து ரெண்டு மாசம் இருக்கும்மா."

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் கணவருக்கு எடை கூடியிருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டிருந்தார்கள். உடம்பில் நீர் ஏறியிருக்கிறது, வீட்டில் என்னதான் பார்க்கிறீர்கள் என்று அவளைத்தான் கேட்டார்கள். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது.

வீட்டுக்கு வந்து காலி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செடி வாடினா பாத்த உடனே கண்டுபிடிச்சுடுற. நான் வாடறது மட்டும் உனக்குத் தெரியலையேம்மா."

அவள் கீழே போனாள். அழுகை வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள். அடுத்த நொடியே, இந்தச் சத்தம் மேலே அவர் காதில் எப்படி விழும் என்று உறைத்தது. மூடிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பின் செடிக்கு அவளே விடியற்காலையில் ஊற்றினாள். இலைகள் மெல்ல உப்பிக்கொண்டன. அவர் முகம் மட்டும் தேறவில்லை. தொட்டியைத் திருப்புவதையும் விட்டுவிட்டார்.

மறுபடி மழை தொடங்கிய ஒரு நாள். மறுநாள் டயாலிசிஸ். பாட்டிலில் தண்ணீர் கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

"இன்னிக்கு ஒரு வாய் கூடத் தர்றியா?"

ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததும் தர்றேங்க."

"சரி. அளவுக்காரி சொன்னா சரிதான்."

அவர் வாயால் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, வண்டி வருமுன்பே அவர் இதயம் நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு அவள் டாக்டரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஒரு வாய் தந்திருந்தால்? டாக்டர் நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"தந்திருந்தாலும் கெடுதல் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. இதயம் ஏற்கனவே கெட்டுப்போயிருந்தது. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தாள். டம்ளரை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு நாலு படியும் ஏறினாள். தொட்டியில் ஊற்றினாள். இறங்கி, இன்னொன்று கொண்டுவந்தாள்.

மாடி வீட்டு அக்கா துக்கம் கேட்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி பண்றே? அழுகிப் போயிடும்டி."

"தெரியும்க்கா."

தொட்டியின் அடித்துளை வழியாக நீர் இறங்கி, ஜன்னல் திட்டில் ஓடி, அவருடைய வெறும் கட்டிலில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. அடுத்த டம்ளரைச் சாய்த்தாள்.

"குடிங்க," என்றாள். "போதும்கிற வரைக்கும் குடிங்க."