காலால் பிறந்தவளின் இடுப்பு

சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் சின்னப்பொண்ணுவுக்கு இருந்த மரியாதை அவள் சம்பாதித்தது அல்ல. பிறக்கும்போதே கூட வந்தது. ஊர்க் குழந்தைகளெல்லாம் தலையை நீட்டிக்கொண்டு பிறக்க, அவள் மட்டும் காலை நீட்டிக்கொண்டு பிறந்தாள். காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அந்தக் கரையில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. ஆகவே நடை பழகிய நாளிலிருந்தே அவள் வைத்தியச்சி.

முதன்முதலில் அவள் மிதித்தது அவளைப் பெற்ற முனியம்மாவைத்தான். முனியம்மா மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "மிதி கண்ணு" என்பாள். அந்தச் சின்னக் குதிகால் இடுப்பில் ஏறி இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து, "இன்னா மாயமோ, நோவு பூட்ச்சி" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுவாள். பேச்சு பரவிவிட்டது. வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்ட ஆண்கள் வந்தார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட ஆரம்பித்த பிறகு, சித்தாள் வேலைக்குப் போன பெண்கள் வந்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்துப் படுப்பார்கள். சின்னப்பொண்ணு குதிகாலால் நீவிவிட்டுக் கடைசியில் ஓர் அழுத்து அழுத்துவாள். பாதிப் பேருக்கு அதிலேயே விட்டது. மீதிப் பேருக்கு நாளாவட்டத்தில் தானாகவே விட்டது. இரண்டு புண்ணியமும் அவள் காலுக்கே போய்ச் சேர்ந்தன.

எழுபத்து நாலாம் வருஷம் அவளுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. உடம்பு தேறும்வரை வீட்டில் கிடக்க மீன்காரிக்கு ஏது நேரம்? கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வருவது புருஷன் செங்கல்வராயன் வேலை என்றால், அதை விற்றுச் சோறாக்குவது அவள் வேலை. தலையில் கூடை, இடது இடுப்பில் கைக்குழந்தை என்று புதுப்பட்டினம் சந்தைக்கு நடக்கத் தொடங்கினாள். அப்படித்தான் வந்தது வலி. முதலில் முணுமுணுத்தது. பிறகு பஸ் படியில் கால் வைத்தால் குத்தியது, பாயில் புரண்டால் குத்தியது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கத்தில் கிடந்து அழுகிற பிள்ளையைக் கையை நீட்டித் தூக்க முடியாமல் அவளும் அழுதாள்.

ஊரையே மிதித்தவள் தன் இடுப்பைத் தானே மிதித்துக்கொள்ள முடியுமா? செங்கல்வராயன் முட்டுக்காடு போய், காலால் பிறந்த இன்னொருத்தரை அழைத்து வந்தான். காசிநாதன் என்று பெயர், நல்ல வாட்டசாட்டமான ஆள். தொழில் ஒன்றல்லவா, அவளுக்காக ஆசையாகவே மிதித்தார். மிதித்த மாத்திரத்தில் அவள் போட்ட கூச்சலில் குப்பமே வாசலில் கூடிவிட்டது. அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டுகூட அவளால் நிற்க முடியவில்லை. இனிமேல் நடப்போமா, கூடையைத் தூக்குவோமா, இந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்ப்போமா என்ற பயம் அவளை அப்போதுதான் முழுசாகப் பிடித்தது. அந்தப் பயத்தில் காலைப் பற்றிய பெருமையெல்லாம் எங்கோ போய்விட்டது.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் பின் சீட்டில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எலும்பு வைத்தியம் பார்த்தவர் பிரபாவதி என்கிற டாக்டரம்மா. குரல் மெல்லிசு, கை பலசாலி.

"எங்கம்மா வலிக்குது?"

"இடுப்பெல்லாம் வலிக்குதும்மா."

"எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டு."

சின்னப்பொண்ணு விரலைப் பின்னால் கொண்டுபோனாள். முதுகுத்தண்டை விட்டுச் சற்று இடப்பக்கம், புட்டத்துக்கு மேலே குழி விழுகிற இடம். விரல் அங்கே போய் நின்றது. டாக்டரம்மா இன்னொரு தடவை காட்டச் சொன்னார். விரல் அதே இடத்துக்குத்தான் போனது.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்தார். கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அடுத்து அவளுடைய இடது கணுக்காலை எடுத்து வலது முழங்காலின்மேல் வைத்து, இடது முழங்காலை மெல்லக் கீழே அழுத்தினார். விரல் காட்டிய அதே இடத்தில் வலி துள்ளி எழுந்தது.

"ஒரு கால்ல நின்னா வலிக்கும். படுக்கையில புரண்டா வலிக்கும். பஸ் படி ஏறினா உயிர் போகும். சரியா?"

சின்னப்பொண்ணு அவரை வாய் பிளந்து பார்த்தாள். "நீங்க எங்க வூட்டாண்ட நின்னு பாத்துகினு இருந்தீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு இடுப்பெலும்பை எடுத்து வந்தார். நிஜ மனுஷ எலும்பு. இரண்டு பக்கமும் யானைக் காது போல விரிந்த எலும்பு; நடுவில், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், முக்கோணமாக ஒன்று. காதும் முக்கோணமும் சேருகிற இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஒரு மூட்டு. தலையில நீ வைக்கிற கூடை, உன் உடம்பு, எல்லாப் பாரமும் இது வழியாத்தான் காலுக்கு இறங்குது. சாதாரணமா ஒரு மயிரிழைதான் அசையும், அவ்வளவு இறுக்கம். ஆனா பிள்ளை வயித்துல இருக்கும்போது உடம்பே ஒரு நீரைச் சுரந்து இந்தக் கட்டைத் தளர்த்திவிடும். குழந்தை வெளிய வர வழி வேணுமில்ல? பிறந்தப்புறம் மெதுவா மறுபடி இறுகும். உனக்கு இறுகறதுக்குள்ள நீ கூடையைத் தூக்கிட்ட, பிள்ளையையும் ஒரே பக்கமா வச்சுக்கிட்ட. அதுமேல மிதிச்சும் விட்டாங்க."

சின்னப்பொண்ணு அந்த எலும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவை இது தனக்குள்ளே திறந்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கும் தெரியாது, உடம்பு தானாகவே பூட்டைத் தளர்த்திப் பிள்ளையை வெளியே விட்டிருக்கிறது. கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு எதிரில் நின்றபோதுகூட அவளுக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. வலி ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று.

வைத்தியம் அவள் நினைத்ததுபோல் ஊசியும் கத்தியுமாக இல்லை. கெட்டிக் கித்தான் துணியில் பக்கிள் வைத்த ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைப் புடவை கட்டும் இடுப்பில் கட்டக் கூடாது. இன்னும் கீழே, தொடை தொடங்குகிற எலும்பைச் சுற்றி இறுக்க வேண்டும். கொஞ்ச காலம் கூடை கூடாது. படுத்தால் முழங்காலுக்கு நடுவே தலையணை. வெந்நீர் ஒத்தடம். வலி தணிந்தபின், மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். குழந்தையை ஒரு பக்க இடுப்பில் வைக்காமல் மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். மிதி கூடவே கூடாது. காலால் பிறந்தவளுக்கு மிதி கூடாது என்றதும் குப்பத்தில் கொஞ்ச நாள் ஒரே கேலி. செங்கல்வராயன் முணுமுணுத்துக்கொண்டே மீனைத் தானே சுமந்துபோய் விற்றான், அதுவும் பாதி விலைக்கு.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் சுவரை விட்டு நடந்தாள். தை பிறந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைவரை போய் வந்தாள். பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும், வலி எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்கு அது இன்னும் நம்ப முடியாத அதிசயமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு காலையில் முனியம்மா மீன் கழுவிவிட்டு எழுந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையைப் பின்னால் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தாள். பிறகு காலைச் சற்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அது அம்மாவின் நடை என்றுதான் சின்னப்பொண்ணு இத்தனை நாள் எண்ணியிருந்தாள். கடல் நுரைப்பது போல, காக்காய் கத்துவது போல, அம்மா அப்படி நடப்பாள். இப்போதுதான் அந்தச் சாய்வு அவளுக்குப் புரிந்தது.

"யம்மா, எங்க நோவுது? ஒத்த வெரலால காட்டு."

"வயசானா எல்லாந்தான் நோவும். வேலயப் பாருடி."

"காட்டு, சொல்றேன்."

முனியம்மா சலித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனாள். தேடவே இல்லை. விரல் நேராகப் போய் அந்தக் குழியில் நின்றது.

"எப்பலேர்ந்து?"

"நீ பொறந்ததுலேர்ந்து கீது."

சின்னப்பொண்ணு தன் காலைக் குனிந்து பார்த்தாள். தன் காலுக்கு வழிவிடத் திறந்த பூட்டு, பிறகு சரியாக மூடவே இல்லை. அந்த இடத்தின்மேல்தான் அவள் வருஷக்கணக்காக ஏறி ஏறி மிதித்திருக்கிறாள்.

"நான் மிதிச்சப்பல்லாம் பூட்ச்சி பூட்ச்சின்னியே?"

"நீ சின்னப் புள்ள. மிதிச்சிட்டு என் மூஞ்சியயே பாத்துகினு நிப்ப. நோவுதுன்னு எப்பிடி சொல்றது? ஊரு உன்ன மெச்சிக்கினா எனுக்கு அதுவே போதும்னு இருந்தது."

சின்னப்பொண்ணு தன் இடுப்பிலிருந்து பட்டையை அவிழ்த்தாள். அம்மாவை நிறுத்தி வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, டாக்டரம்மா காட்டியபடி தாழ்வாகச் சுற்றி இறுக்கினாள். கண் கலங்கியதில் பக்கிள் சட்டென்று மாட்டவில்லை. மறுநாள் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

முனியம்மா வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "யாரோ தாங்கிப் புடிச்ச மாதிரி கீதுடி. நோவு கொறயுது."

"நெசமா சொல்றியா, இல்ல எனக்காவ சொல்றியா?"

முனியம்மா இன்னொரு தடவை வாசல்வரை போய், காலை நன்றாக ஊன்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இந்த தபா நெசந்தாண்டி" என்றாள்.