தீப்பெட்டிப் பண்டலோடு போன சாயங்காலம்

போன கார்த்திகையில், அஸ்ஸாமில் உள்ள கோக்ராஜாருக்கு என் மகளைக் கொண்டுபோய் விடப் போயிருந்தேன். அங்கே ஒரு வங்கியில் அவளுக்கு முதல் வேலை. வருஷக்கணக்கில் நடந்த இனக்கலவரங்களுக்குப் பிறகு சமாதான ஒப்பந்தம் போட்டு, போடோ மக்களுக்குத் தன்னாட்சி கொடுத்த பகுதி அது. கிளம்பும்போது என் மனைவி அழுதாள். "அதான் எல்லாம் அடங்கிட்டே" என்று தைரியம் சொன்னேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெளியூரில் யார் வீட்டுக்குப் போனாலும் பழத்தோடு தீப்பெட்டிப் பண்டலும் கொண்டுபோவது என் பழக்கம். ரயிலில் கூடாது என்பதால் இந்த முறை வெறுங்கையோடு வந்திருந்தேன்.

மகளோடு வேலை பார்க்கும் போடோ பெண் தன் கிராமத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கடைவீதியில் பழம் வாங்கும்போது, பக்கத்துக் கடையில் எங்கள் ஊர்ப் பெயர் அச்சடித்த தீப்பெட்டியைப் பார்த்துவிட்டேன்.

"ஏட்டி, இங்கன பாரு, நம்ம ஊரு சரக்கு."

"இம்புட்டுத் தூரம் வந்துமா தீப்பெட்டி? பேசாம வாங்கப்பா."

நான் கேட்கவில்லை. பை நிறைய வாங்கிக்கொண்டேன்.

இருட்டத் தொடங்கும்போது அந்தக் கிராமத்து எல்லைக்கு எங்கள் ஆட்டோ வந்தது. பாதையின் குறுக்கே மூங்கிலைக் கட்டி, ஆட்கள் கம்போடு நின்றார்கள். ஒருவர் பையை வாங்கித் திறந்தார்.  பண்டல்களைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். ஆட்டோ சாவியைப் பிடுங்கினார்கள். மகள் இந்தியில் பதில் சொன்னாள்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"பக்கத்து ஊர்ல மத்தியானம் வைக்கப்போரு எரிஞ்சிருக்கு. யாரோ வச்ச தீயாம். நாம எதுக்கு இத்தனை தீப்பெட்டி கொண்டு வாரோம்னு கேக்காவ. அப்பா, நீங்க அசையாம நில்லுங்க."

வயதான ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். என்னை என்ன செய்தாலும் சரி, பிள்ளையை விட்டால் போதும் என்றிருந்தது. அவளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வேறு வழி தோன்றாமல், பெட்டியில் இருந்த ஊர்ப் பெயரை விரலால் காட்டினேன். சட்டைப்பையிலிருந்த ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். படித்த ஒருவர் போன் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். மகள் என் வேலையைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லச் சொல்ல, கம்புகள் இறங்கின.

சட்டையை விட்ட பெரியவர் அதன் கசங்கலை நீவிவிட்டார். கலவரத்தில் அவர் வீடு எரிந்து, பிள்ளைகளோடு முகாமில் கிடந்தவராம். மத்தியானம் புகையைக் கண்டதுமே ஊர்ப் பெண்கள் துணிமணியை மூட்டை கட்டிவிட்டார்களாம். எங்களைக் கூப்பிட்டிருந்த பெண்ணின் வீடு வரை அவரே கூட நடந்து வந்து விட்டுப்போனார். பண்டல்கள் மூங்கிலடியிலேயே கிடந்தன. நான் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் மகளை ஊருக்குக் கூப்பிட்டேன். "அவிய பயந்துபோய்த்தாம்ப்பா மறிச்சாவ. நான் இருந்துக்கிடுதேன்" என்றாள்.

இன்றும் சாயங்காலம் அவள் போன் எடுக்கச் சற்றுத் தாமதமானால் மறுபடி மறுபடி கூப்பிடுகிறேன். அந்த ஊர்ப் பெண்கள் இத்தனை வருஷமும் ஒவ்வொரு சாயங்காலத்தையும் இப்படித்தானே கடந்திருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொள்கிறேன்.