சுண்ணாம்புக் கோட்டில் அடுப்படி இல்லை

வடகரைக்கு மேலே மலைச்சரிவில் என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம் இருந்தது. ஜீப் போகிற பாதை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்து ஏற வேண்டும். அங்கே வீடு கட்ட யாரும் நினைத்ததில்லை. என் மகன்தான் நினைத்தான்.

"அங்கன ஒனக்கு ஒரு வீடு கட்டித் தாரேம்மா" என்றான்.

தென்காசியில் அவன் வீட்டு ஹாலில்தான் எனக்குப் படுக்கை. எல்லோரும் டிவி பார்த்து எழுந்த பிறகுதான் பாய் விரிக்க இடம் கிடைக்கும். அதனால் எனக்கென்று ஒரு அடுப்படியும் பக்கத்தில் படுக்க ஒரு இடமும் இருந்தால் போதும் என்றேன். சரி என்றான். நிலத்தை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கோடை அங்கேயே கிடந்தேன். கல் அடுக்கி, தகரம் போட்ட கொட்டகை. நிலம் முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு தோண்ட வேண்டும். ஆட்கள் தோண்டிப் போட்டதை நான் இழுத்துவந்து குவித்தேன். கையெல்லாம் கீறல். ஓடையிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தோம். காட்டுப்பன்றி அதைக் கடித்துவிடும், மறுபடி கட்டுவோம். பிறகு ஜேசிபி ஏறப் பாதை வெட்டி, சரிவை மட்டம் தட்டினார்கள். பெயர்ந்த கல்லை வைத்தே மண் சரியாமல் சுவர் கட்டினார்கள். அத்தனை பேருக்கும் சோறு பொங்கியது நான். மகன் ஞாயிற்றுக்கிழமை வருவான், போட்டோ எடுப்பான், போய்விடுவான்.

வாஸ்து பூஜைக்கு முந்தின நாள் கொத்தனார் கயிறு பிடித்து, தரையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டைக் கோடு போட்டார். கோடு போட்டதும் வீட்டுக்காரர்கள் உள்ளே ஒரு நடை நடந்து பார்ப்பார்கள். அன்றைக்கு நான் மட்டும்தான் இருந்தேன். கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரமாக ஒரு கோட்டைத் தாண்டினேன். கொத்தனார் பார்த்துவிட்டார்.

"ஆச்சி, செவுத்த இடிச்சிக்கிட்டு வாறிய. வாசல் அந்தப் பக்கம்லா இருக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போய், கோடு விட்டிருந்த இடம் வழியாக நுழைந்தேன். ஒரு அறை, அதை ஒட்டிக் குளியலறை. அடுத்து இன்னொரு அறை, குளியலறை. அதற்கடுத்தும் அப்படியே, எல்லாம் ஒரே அளவு. கடைசிக் கோடு வரை போய்த் திரும்பினேன். அடுப்படி எங்கே என்று கேட்டேன்.

"அடுப்படி இல்லயே ஆச்சி. குத்தாலத்துக்கு சீசனுக்கு வாறவங்க தங்கத்தான கட்டுதாங்க. சோறு கீழ ஓட்டல்லருந்து வருமாம்."

எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. குனிந்து கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் மகன் வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யானை வருத எடத்துல ஒன்னைத் தனியா எப்படிம்மா விடுதது?" என்றான்.

அந்த யானை இரண்டு கோடையும் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. மருமகளின் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் எனக்குப் பேச வராது. பூஜை முடிந்ததும் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது சாரல் மாதங்களில் வெளியூர்க் கார்கள் அங்கே ஏறுகின்றன. போன சீசனில் ஒருநாள் தென்காசி வீட்டு ஹாலில் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வருகிறவர்கள் வீட்டுச் சாப்பாடு கேட்கிறார்களாம். பின்பக்கம் தகரம் இறக்கி ஒரு அடுப்படி போட்டிருக்கிறானாம்.

"நீ சனி, ஞாயிறு மட்டும் வந்து சொதி வச்சுக் குடுத்தாப் போதும்மா."

ராத்திரி எங்கே படுப்பது என்று கேட்டேன். சாயந்தரம் காரில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவானாம்.

"முட்டு வலிக்கி. மலை ஏற முடியாது" என்றேன்.

வாசல்படியில் நின்ற என் மருமகளை அவன் பார்த்தான். காய்ந்த துணியை எடுக்க நான் மொட்டைமாடிக்கு ஏறிப் போனேன்.