புறாவுக்காக அடைத்த ஓட்டைகள்

சபையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், தாம்பரம் பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்து எங்கள் ஆங்கிலிகன் கோயிலுக்குள் சாரத்தின் மேலிருந்து கார்பென்டர் ஏழுமலை கத்தினார். "சார், உளி உள்ள போய்கினே கீது சார்!"

சபையின் கட்டிடக் குழுவில் இன்ஜினீயர் நான் ஒருவன்தான். பெஞ்சில் மரத்தூள் விழுகிறது என்று யாரோ சொன்னதால் அவரை ஏற்றியிருந்தேன். கூரையைத் தாங்கும் தேக்குச் சட்டத்தை ட்ரஸ் என்போம். அதன் ஒரு முனை சுவருக்குள் உளுத்துப்போயிருந்தது.

காரணம் நான்தான். கட்டியவர்கள் ஒவ்வொரு ட்ரஸ் முனையைச் சுற்றியும் காற்றுப் போக ஓட்டை விட்டிருந்தார்கள். அதில் புறாக்கள் கூடு கட்டி, பிரசங்க நேரத்தில் ஆயரோடு போட்டி போட்டன. சபையார் புலம்ப, நான் பெரிய கெட்டிக்காரன்போல எல்லா ஓட்டையையும் சிமென்ட் வைத்து அடைத்தேன். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தில் இறங்கிவிட்டது.

மழைத்தண்ணீர்தான் காரணம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனையும் வந்தது.

கல்யாணப் பெண்ணின் அப்பா பெருங்களத்தூரில் ஆசிரியர். பூ அலங்காரம் பார்க்க வந்தவர் பதறிவிட்டார். "எத்தனையோ வருஷமா நிக்குது, நாளைக்கு ஒரு மணி நேரம் நிக்காதா சார்? பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு."

ஆயர் என்னைப் பார்த்தார். "நிக்குமா, நிக்காதா? நீங்க சொல்றதுதான்."

"தெரியல ஐயா. தெரியாம ஜனங்கள உள்ள விட முடியாது. ஓட்டைய அடைச்சதும் நான்தான்."

பெண்ணின் அப்பா பந்தல்காரருக்குப் போன் போட்டார்.

மறுநாள் கோயில் வளாகத்தில் ஷாமியானாவுக்குக் கீழே கல்யாணம். வண்டிச் சத்தத்தில் உறுதிமொழி கேட்கவில்லை என்று ஆயர் மறுபடி சொல்லச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கோயில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்துவிடுமோ என்று ஒரு பயம், விழாவிட்டால் என்னை என்ன சொல்வார்களோ என்று இன்னொரு பயம்.

கூரை விழவில்லை. அடுத்த வாரம் முட்டுக் கொடுத்து சிமென்ட்டை உடைத்தபோது பெண்ணின் அப்பா வந்து நின்றார். மரம் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது.

"இதுக்கு நேர் கீழ யார் சார் உட்கார்ந்திருப்பாங்க?" என்றார்.

"முதல் பெஞ்ச் சார். பொண்ணு வீட்டுக்காரங்க."

பழைய கட்டிடத்தில் ஓர் ஓட்டையைப் பார்த்தால், எதற்காக விட்டார்கள் என்று கேட்காமல் பூசாதீர்கள். பூசிவிட்டால், பூசியது நான் என்று சொல்லிவிடுங்கள். முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள் நம்மை நம்பித்தான் உட்காருகிறார்கள்.